தோல் லாட் சான்றிதழ்களைப் பதிய எந்த லேயர் 2 பொருந்தும்?

காட்பாடி நிரலர்:
ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளுக்காக, ஒவ்வொரு தோல் லாட்டின் ஆய்வுச் சான்றிதழையும் ஹேஷாக்கி (கோப்பின் கைரேகை போன்ற குறுங்குறியீடாக மாற்றி), பின்னால் எவரும் திருத்த முடியாதபடி எத்தீரியம் பிளாக்செயினின் மேல் இயங்கும் லேயர் 2 வலைப்பின்னல் ஒன்றில் பதியும் மென்பொருளை எழுதி வருகிறோம். நாளொன்றுக்குச் சில நூறு லாட்டுகள் வரும். ஆர்பிட்ரம், பேஸ், ஸ்டார்க்நெட் ஆகிய மூன்றில் கட்டணத்தையும் வேகத்தையும் எதை வைத்து ஒப்பிடுவது?

பாலாற்றங்கரை:
முதலில், 2024 மார்ச் 13-க்கு முந்தைய கட்டண ஒப்பீடுகளை ஒதுக்கிவிடுங்கள். அன்று வந்த எத்தீரியத்தின் டென்குன் மேம்படுத்தலுக்குப் பின் ரோல்அப்கள் எனப்படும் இத்தகைய லேயர் 2-கள் தங்கள் தரவை 'பிளாப்' எனும் தனிச் சந்தையில் எத்தீரியத்துக்கு அனுப்புகின்றன; அதுவரை கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்கிய தரவுச் செலவு அதனால் வெகுவாகச் சரிந்தது. உங்கள் செலவைத் தீர்மானிக்கப்போவது வலைப்பின்னலின் பெயரைவிட, நீங்கள் எழுதும் முறைதான். லாட்டுக்கு ஒரு பரிவர்த்தனை என்றால் ஒவ்வொன்றுக்கும் 21,000 கேஸ் (செயலாக்க வேலையை அளக்கும் அலகு) அடிப்படைச் செலவு உண்டு. அன்றைய லாட்டுகளின் ஹேஷ்களையெல்லாம் இணை இணையாகச் சேர்த்து, ஒரே ஹேஷில் முடியும் மெர்க்கிள் மரமாக்கினால், 'வேர்' எனும் அந்த 32 பைட் கடைசி ஹேஷை ஒருமுறை எழுதினால் போதும். அதையும் புதிய சேமிப்பிடத்தில் எழுதினால் 20,000 கேஸுக்கு மேல் ஆகும். சேமிப்பிடத்தில் வைக்காமல் நிகழ்வுப் பதிவாக (பரிவர்த்தனையின் லாக்கில் விடும் குறிப்பாக) வெளியிட்டால், அடிப்படைச் செலவுக்கு மேல் சுமார் 1,000 கேஸில் முடிந்துவிடும்.

கோட்டை அகழி:
நண்பர் சொன்னது ஆர்பிட்ரத்துக்கும் பேஸுக்கும் சரி. ஸ்டார்க்நெட்டுக்கு அந்தக் கேஸ் கணக்கும் பொருந்தாது, நிகழ்வுப் பதிவு யோசனையும் பொருந்தாது. அது பரிவர்த்தனைகளை அப்படியே அனுப்பாமல் நிலை மாற்றங்களை (சேமிப்பிடத்தில் மாறிய மதிப்புகளை) மட்டுமே எத்தீரியத்தில் பதிகிறது; நிகழ்வுப் பதிவுகள் அந்தத் தரவில் இடம்பெறுவதில்லை. அங்கே வேரைச் சேமிப்பிடத்தில்தான் எழுத வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை, ஆர்பிட்ரத்தின் கால் நொடி பிளாக்கும் பேஸின் 2 நொடி பிளாக்கும் வரிசையாக்கி (பரிவர்த்தனைகளை வாங்கி வரிசைப்படுத்தும் சர்வர்) தரும் வாக்குறுதி மட்டுமே. அந்தத் தரவு எத்தீரியத்துக்குப் போய்ச் சேர்ந்து, மாற்ற முடியாததாக உறுதிப்பட அதற்கு மேல் 13 நிமிடமாவது ஆகும். வரிசையாக்கியே நின்றுபோவதும் உண்டு: 2023 செப்டம்பரில் பேஸும், டிசம்பரில் ஆர்பிட்ரமும் நின்றன. ஆகவே, பதிவு தோல்வியுற்றால் மீண்டும் அனுப்பும் வரிசை ஒன்றை மென்பொருளிலேயே வைத்துவிடுங்கள். நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்ற விளம்பரம் நாளுக்கு ஒரு வேர் எழுதும் உங்களுக்கு எதற்கு?

காட்பாடி நிரலர்:
இருவருக்கும் நன்றி. ஆப்டிமிஸ்டிக் ரோல்அப்களில் (பதிவுகளைச் சரியெனக் கொண்டு, ஆட்சேபிக்க அவகாசம் தரும் வகை) 7 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது சான்றிதழுக்கும் பொருந்துமா?

பாலாற்றங்கரை:
அகழி நண்பரின் திருத்தம் சரியானது. அந்த 7 நாள், எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரை எத்தீரியத்துக்குத் திரும்ப எடுக்கும்போது மட்டுமே உறுத்தும். பதிந்த வேரை உடனேயே படிக்கலாம். ஒவ்வொரு லாட்டின் ஹேஷிலிருந்தும் வேரைக் கணக்கிட்டுப் பார்க்க உதவும் மெர்க்கிள் வழியைச் சான்றிதழ்க் கோப்புடனேயே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டு பையர் சரிபார்க்க உங்கள் சர்வரை நம்பியிருக்க வேண்டியதில்லை. கட்டணத்துக்கான ஈத்தரை நிறுவனத்தின் பெயரில் வாங்குவதற்கு முன், கிரிப்டோ பரிமாற்றங்களுக்கு 2022 ஜூலையில் வந்த 1 சதவீத டிடிஎஸ் பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.