பொருள்: ‘எந்திரக் கடவுள்’ என்பதற்கு மாற்றாக ‘வருவிமுடிவு’

குழுவினருக்கு வணக்கம்.

நாடகவியல் கலைச்சொல் பட்டியலில் ‘டியூஸ் எக்ஸ் மாகினா’வுக்கு ‘எந்திரக் கடவுள்’ என்று இருக்கிறது. இதை நீக்க வேண்டும். நடிகரைக் கூரைக்கு மேல் தூக்கிக் காட்டும் பொறி, அதில் தோன்றும் தெய்வம், கதையை வெளியிலிருந்து முடித்துவைக்கும் உத்தி ஆகிய மூன்றும் இதில் ஒன்றாகக் குழம்புகின்றன.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘மெடீயா’ (கி.மு. 431) இதற்குச் சான்று. மெடீயா தன் பிள்ளைகளைக் கொன்ற சேதியைக் கோரஸ் (பாடகர் குழு) சொன்னதும் அவள் கணவன் ஜேசன் கதவைத் திறக்கச் சொல்கிறான். கிரேக்க அரங்கில் கொலை உள்ளே நடக்கும்; உடல்கள் சக்கரம் வைத்த மேடையில் கதவு வழியே வெளியே வரும். எல்லார் கண்ணும் கதவில் இருக்க, மெடீயா மேலே தோன்றுகிறாள்: பாட்டன் சூரியன் தந்த தேர், அதில் பிள்ளைகளின் உடல்கள். ஜேசனின் சாவை முன்னறிவிப்பதும் கொரிந்தில் சடங்கு ஏற்படுத்துவதும் அவளே. அங்கே பொறி உண்டு, கடவுள் இல்லை. முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், பொறியால் அல்ல என்று சொல்லும் அரிஸ்டாட்டில் (கவிதையியல், இயல் 15) காட்டும் உதாரணமும் இதுதான்.

பொறிக்குத் ‘தூக்குபொறி’, உத்திக்கு ‘வருவிமுடிவு’ என்று வைக்கலாம். மூலத்தில் இல்லாத சொல்லை உரையாசிரியர்கள் ‘வருவித்து உரைக்க’ என்பார்களே, அந்த வருவித்தல்.

*

ஐயா, தூக்குபொறி மிகப் பொருத்தம். மற்றதில் எனக்குத் தடை உண்டு. தொடர் அவாவி நிற்கும், அதாவது பொருள் நிறைய வேண்டி நிற்கும், சொல்லைத்தான் உரையாசிரியர் வருவிப்பார். யூரிப்பிடீஸின் ‘ஒரெஸ்டிஸ்’ (கி.மு. 408) முடிவைக் கதை எங்கே அவாவுகிறது? கூரைமேல் மெனெலாஸின் மகள் ஹெர்மியோனியின் கழுத்தில் வாளை வைத்து நிற்கும் ஒரெஸ்டிஸிடம், அப்போலோ தெய்வம் வந்து அவளையே மணந்துகொள் என்கிறார்!

விளக்கக் குறிப்பில் நடிகர் கணக்கும் வரவேண்டும். பேசும் நடிகர் மூவர்தான். கீழே மெனெலாஸ், கூரையில் ஒரெஸ்டிஸ், அதற்கும் மேலே அப்போலோ என்று மூவரும் தீர்ந்துவிடுகிறார்கள். அதனால் பக்கத்திலேயே நிற்கும் ஒரெஸ்டிஸின் நண்பன் பிலாடிஸ் வாய் திறப்பதில்லை. மெனெலாஸ் அவனிடம் கேட்கும் கேள்விக்கு, அவன் மௌனமே சம்மதம், நான் பேசினால் போதும் என்ற கருத்தில் ஒரெஸ்டிஸே பதில் சொல்கிறான். தெய்வம் இறங்கும் முடிவுக்கு ஒரு நடிகரை முன்கூட்டியே விடுவித்து வைக்க வேண்டும்.

*

அம்மா, நடிகர் கணக்கை அப்படியே சேர்த்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன அவாய்நிலை இந்தச் சொல்லுக்கு வலுவே சேர்க்கிறது. சொபோக்கிளிஸின் ‘ஃபிலோக்டெட்டிஸ்’ (கி.மு. 409) நாடகத்தில், டிராய்ப் போருக்குக் கூட்டிப்போக வந்த நியோப்டாலமஸ், ஃபிலோக்டெட்டிஸைச் சொந்த ஊருக்கே அழைத்துப்போக இசைந்துவிடுகிறான். நாடகத்தின் போக்குப்படி அதுதான் முடிவு. ஆனால் பழங்கதைப்படி அவன் வில்லோடு டிராய்க்குப் போயாக வேண்டும். பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். தெய்வமாகிவிட்ட ஹெராக்கிளிஸ் தோன்றி அவனை டிராய்க்குத் திருப்புகிறார். மரபு அவாவி நிற்பதைத்தான் அவர் வருவிக்கிறார்.

ஆகவே ‘வருவிமுடிவு’ குறை சுட்டாத பொதுச்சொல்லாக இருக்கட்டும். குறை சொல்லும் இடத்தில் ‘வலிந்த வருவிமுடிவு’ எனலாம். உரைமரபில் ‘வலிந்து பொருள்கொள்ளல்’ இருப்பதால் வாசகருக்குச் சட்டென்று விளங்கும். ‘ஒரெஸ்டிஸ்’ அதில் சேரும்: ஹெர்மியோனியை அவன் மணப்பது பழங்கதைதான் என்றாலும், நாடகத்துக்குள் அதற்கு வழியே போடப்படவில்லை. ‘மெடீயா’வில் ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ் தரும் அடைக்கலம் நாடகத்தின் நடுவிலேயே உறுதியாகிவிடுகிறது, தேர் மட்டும்தான் வருவிப்பு.

சக்கரம் வைத்த மேடைக்கு ‘உருள்மேடை’ சரிவருமா?