மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாமா? கல்லறைத் திருநாளை ஒட்டி ஒரு கேள்வி

பாளை_சாலமோன்:
நவம்பர் 2 வரப்போகிறது. கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மரித்தவர்களை அன்போடு நினைப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. நான் கேட்பது அதற்கு அடுத்த படியைப் பற்றி. இறந்துபோனவருடைய நிலையை நம்முடைய ஜெபமோ பூசையோ (குரு நிறைவேற்றும் நற்கருணை வழிபாடு) மாற்றும் என்பதற்கு வேத ஆதாரம் எது?

எபிரெயர் 9:27 ஒரே தரம் மரிப்பதையும் அதன்பின் நியாயத்தீர்ப்பையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. லூக்கா 16-இல் இயேசு சொன்ன கதையில், செத்து வேதனைப்படும் ஐசுவரியவானுக்கும் ஆபிரகாமின் மடியில் இருக்கும் ஏழை லாசருவுக்கும் நடுவே பெரும்பிளப்பு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை. மூன்றாவதாக ஓர் இடம் இருந்திருந்தால் ஆபிரகாமின் வாயால் அங்கேயே சொல்லப்பட்டிருக்கும். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 22-ஆவது (1571), உரோமைச் சபை போதிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தை (இறந்தபின் ஆத்துமாக்கள் தூய்மையாகும் நிலை) வேதத்தில் வேரில்லாத வீண் கற்பனை என்று தள்ளுகிறது. கத்தோலிக்க நண்பர்கள் வசனத்தோடு பதில் சொல்லுங்கள்.

உவரிக்கடல்:
சாலமோன் ஐயா, நீங்கள் மறுப்பது எங்கள் போதனையை அல்ல. உத்தரிக்கிற ஸ்தலம் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் மூன்றாவது முடிவு என்று எந்தச் சங்கமும் (ஆயர்களின் பொதுக்கூட்டம்) சொல்லவில்லை. எங்கள் சபையின் மறைக்கல்வி ஏடு 1030-ஆம் எண்ணைப் பாருங்கள்: கடவுளின் அருளில் இறந்தவர்கள், மீட்பு உறுதியானவர்கள், ஆனால் இன்னும் முழுமையாகத் தூய்மையடையாதவர்கள். அவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தூய்மை. சாவான பாவத்தோடு, அதாவது கடவுளின் அருளை இழக்கச் செய்யும் கனமான பாவத்தோடு, மனந்திரும்பாமல் செத்தவருக்கு அங்கே வேலையே இல்லை. லூக்கா 16-இன் பிளப்பு இரட்சிக்கப்பட்டவனுக்கும் கெட்டுப்போனவனுக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் சொல்லும் ஆத்துமாக்கள் எல்லோரும் லாசரு நிற்கும் கரையில்தான் இருக்கிறார்கள்.

திரெந்துச் சங்கம் 1563 டிசம்பரில், தன் கடைசி அமர்வில், இதுபற்றிக் கட்டாயமாக அறிக்கையிட்டவை இரண்டே: அப்படி ஒரு தூய்மை உண்டு, அங்குள்ள ஆத்துமாக்களுக்கு விசுவாசிகளின் மன்றாட்டும், குறிப்பாகப் பீடத்தின் பலியான பூசையும் உதவுகின்றன. அங்கே என்ன நெருப்பு, எத்தனை வருஷம் என்றெல்லாம் விவரிக்கவில்லை. ஆர்வத்தைக் கிளறும் கேள்விகளையும் ஆதாய நாட்டத்தையும் பிரசங்கத்திலிருந்து விலக்கச் சொல்லி ஆயர்களுக்குக் கட்டளையும் கொடுத்தது.

வசனம் கேட்டீர்கள்: 2 மக்கபேயர் 12:38-45. போரில் விழுந்த வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள். ஒவ்வொருவருடைய உடுப்புக்கு உள்ளேயும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து இருக்கிறது. அவர்களுடைய தளபதி யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா தண்டி, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார்.

பாளை_சாலமோன்:
அந்தப் பகுதியை நீங்களே எடுத்ததற்கு நன்றி. ஒன்று, எங்கள் வேதாகமத்தில் அது இல்லை. எபிரெயத்தில் இல்லாத நூல்களைத் தள்ளுபடியாகமம் என்று, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமே தனியாகப் பிரித்து வைத்தார். இரண்டு, அதை வேதம் என்றே எடுத்துக்கொண்டாலும் உங்களுக்கு உதவாது. தாயத்துக் கட்டியது விக்கிரக ஆராதனை. உங்கள் கணக்கில் அது சாவான பாவம். சாவான பாவத்தோடு செத்தவருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது என்று இரண்டு பத்திக்கு முன்னால் நீங்கள்தான் எழுதினீர்கள்.

உவரிக்கடல்:
நியாயமான அடி. ஆனால் 45-ஆம் வசனம் அவர்களை இறைப்பற்றோடு துயில்கொண்டவர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேசுகிறது. அவர்கள் மனதில் கடைசி நொடியில் என்ன நடந்தது என்பது யூதாவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாததால்தான் ஜெபம். அந்தப் பகுதி உத்தரிக்கிற ஸ்தலத்தை நேரடியாக நிரூபிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே யூதா சொல்லும் காரணம் உயிர்த்தெழுதல். விழுந்தவர்கள் எழுவார்கள் என்று நம்பாவிட்டால் ஜெபிப்பது வீண் என்கிறது 44-ஆம் வசனம். அது நிரூபிப்பது ஒன்றை: கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் மரித்தோருக்காக மன்றாடினார்கள்.

சபை அந்த வழக்கத்தை விடவில்லை. கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இறந்தோர் பேரில் ஆண்டு நாளில் காணிக்கை செலுத்துவதை வழக்கத்தில் உள்ளதாகவே எழுதுகிறார். 387-இல் ஒஸ்தியாவில் சாகக் கிடந்த மோனிக்கா, உடலை எங்கே புதைத்தாலும் சரி, ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் மகன் அகுஸ்தினிடம் கேட்டார்.

ஓய்வுநாள்_தேவா:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்: செத்த உடனே ஆத்துமா எங்கோ விழித்திருக்கிறது என்பதை. பிரசங்கி 9:5, மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள். சங்கீதம் 146:4, ஆவி பிரியும் அந்நாளிலேயே யோசனைகள் அழிந்துபோகும். யோவான் 11-இல் வருவது வேறொரு லாசரு; அவன் நித்திரையடைந்திருக்கிறான் என்று இயேசு சொல்கிறார். நாலு நாள் கல்லறையில் இருந்தவன் வெளியே வந்து, அங்கே எதைக் கண்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. 1 தெசலோனிக்கேயர் 4-இல் துக்கப்படுகிறவர்களைத் தேற்றும் பவுல், உங்கள் ஆட்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள் என்று தேற்றவில்லை. எக்காளம் தொனிக்கும்போது எழுந்திருப்பார்கள் என்றுதான் தேற்றுகிறார். நித்திரையில் இருப்பவருக்குப் பூசையும் வேண்டாம், உத்தரிப்பும் வேண்டாம்.

பாளை_சாலமோன்:
தேவா, பிலிப்பியர் 1:23-இல் பவுல் தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசைப்படுகிறார். நினைவில்லாத தூக்கம் "அதிக நன்மை" ஆகுமா? வெளிப்படுத்தல் 6:9-இல் பலிபீடத்தின் கீழே ஆத்துமாக்கள் சத்தமிடுகின்றன. ஆத்தும நித்திரை என்ற இந்த எண்ணத்துக்கு எதிராகவே சீர்திருத்தவாதி கால்வின் 1534-இல், தன் இளவயதில், தனியாக ஒரு நூல் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேல் சிலுவையில் கள்ளனுக்கு இயேசுவிடம் கிடைத்த வாக்கு இருக்கிறது (லூக்கா 23:43): இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய்.

ஓய்வுநாள்_தேவா:
அந்த "இன்றைக்கு" எதோடு சேருகிறது என்பதுதான் கேள்வி. கிரேக்க மூலத்தில் முதலில் நிறுத்தக்குறி கிடையாது. "இன்றைக்கு உனக்குச் சொல்லுகிறேன், நீ என்னோடு பரதீசில் இருப்பாய்" என்றும் படிக்கலாம். மூன்றாம் நாள் மரியாளிடம், நான் இன்னும் என் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை என்று இயேசுவே சொல்கிறார், யோவான் 20:17. வெள்ளிக்கிழமையே பரதீசுக்குப் போயிருந்தால் இது எப்படி?

சொல்லாராய்ச்சி:
இந்த வசனத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. பழைய மொழிபெயர்ப்பு: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்." பொது மொழிபெயர்ப்பு: "நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர் என உறுதியாக உமக்குச் சொல்கிறேன்." இரண்டிலும் "என்று / என" வந்து வாக்கியத்தை இரண்டாக அறுத்துவிடுகிறது. "இன்றைக்கு" அந்த "என்று"க்கு முன்னால் நிற்பதால் அது இருப்பதோடுதான் சேரும். சொல்வதோடு சேரவே சேராது. கிரேக்கத்தில் வரிசை வேறு: மெய்யாகவே, உனக்கு, சொல்லுகிறேன், இன்றைக்கு, என்னுடனே, இருப்பாய். "இன்றைக்கு" சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது, "என்று"க்குச் சமமான "ஹோட்டி" என்ற சொல்லும் இல்லை. ஆகவே தமிழ் வேதத்தை மட்டும் வைத்துத் தேவாவை மடக்க முடியாது. மொழிபெயர்த்தவர்களே முடிவெடுத்துவிட்டார்கள்.

அவர்கள் முடிவு சரி என்றே நினைக்கிறேன். "மெய்யாகவே சொல்லுகிறேன்" என்ற வாய்பாடு லூக்காவில் ஆறு இடங்களில் வருகிறது. மற்ற ஐந்தில் எதிலும் காலச்சொல் அதோடு ஒட்டவில்லை. மாற்கு 14:30-இல் பேதுருவிடம் பேசும்போது அதே வாய்பாடும் "இன்றைக்கு"ம் சேர்ந்து வருகின்றன. அங்கே "ஹோட்டி" இருக்கிறது, "இன்றைக்கு" அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. தேவா பக்கமும் சாட்சி இல்லாமல் இல்லை. பழைய சீரியப் பிரதிகளில் ஒன்றான கியூரெட்டன் பிரதி அவர் சொல்வதுபோலத்தான் பிரிக்கிறது.

தரங்கை_வாசகன்:
சாலமோன் சகோதரரே, சீர்திருத்தச் சபைகள் எல்லாம் ஒரே குரலில் "ஜெபிக்காதே" என்று சொல்லவில்லை. லூத்தரன் பிரமாணங்களில் ஒன்றான ஆக்ஸ்பர்க் அறிக்கையின் விளக்கவுரை (1531), பழைய காலத்தார் மரித்தோருக்காக ஜெபித்ததை நாம் தடைசெய்வதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அது மறுப்பது வேறொன்றை: நற்கருணையைச் சடங்காக நிறைவேற்றினாலே மரித்தவருக்குப் பலன் போய்ச் சேரும் என்பதை. லூத்தர் 1528-இல், தனியாக ஒன்றிரண்டு முறை இறந்தவருக்காக இரக்கம் கேட்டு ஜெபிப்பதைப் பாவமாக எண்ணவில்லை என்று எழுதினார். உங்கள் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலேயே 1549 பதிப்பில் மரித்தோருக்கான மன்றாட்டு இருந்தது. 1552-இல் அதை எடுத்துவிட்டு, ஜெபம் உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகும்படி "இங்கே பூமியில் போராடும் சபைக்காக" என்ற சொற்களைச் சேர்த்தார்கள். 2 தீமோத்தேயு 1:18-இல் ஒநேசிப்போருவுக்காகப் பவுல் இரக்கம் கேட்கிறாரே, அவர் உயிரோடிருந்தாரா? வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லும்போது அவரை மட்டும் விட்டுவிடுகிறார்.

பாளை_சாலமோன்:
ஒநேசிப்போரு செத்துவிட்டார் என்று அந்த நிருபம் எங்கும் சொல்லவில்லை. ஊகத்தின் மேல் உபதேசம் கட்ட முடியாது. லூத்தரைப் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் அவர் "ஒன்றிரண்டு முறை" என்றார். முப்பது நாள் பூசைக்குக் காணிக்கை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு இதில் உண்மையான வேதனை அங்கேதான். துக்கத்தில் இருக்கிற வீட்டாரிடம், இவ்வளவு பூசை, இவ்வளவு காணிக்கை என்று ஒரு கணக்கு போய்ச் சேர்ந்தால், இல்லாதவன் வீட்டுப் பிணத்துக்கு என்ன கதி?

உவரிக்கடல்:
இந்தக் கேள்விக்கு விவரமாகவே பதில் சொல்ல வேண்டும். சட்டம் தெரியாமல்தான் பெரும்பாலான இடறல் வருகிறது.

முப்பது பூசைக்குக் கிரகோரியார் பூசை என்று பெயர். பாப்பரசர் பெரிய கிரகோரியார் எழுதிய உரையாடல்கள் நாலாம் புத்தகத்தில் இருந்து வந்தது. யுஸ்துஸ் என்ற துறவி, துறவிக்குச் சொந்தப் பணம் கூடாது என்ற விதியை மீறி மூன்று பொற்காசை ஒளித்து வைத்திருந்தார். அவர் இறந்த பின் முப்பது நாள் தொடர்ந்து அவருக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார் கிரகோரியார். விதிகள் இவை: இறந்த ஒரே ஒருவருக்காக மட்டும்; உயிரோடிருப்பவருக்குக் கிடையாது; முப்பது நாளும் இடைவிடாமல்; ஒரே குரு என்ற கட்டாயமில்லை. குரு நோயில் விழுந்தோ, ஒரு அடக்கப் பூசை குறுக்கிட்டோ நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மீதியைச் சீக்கிரம் முடித்தால் போதும். 1967-இல் உரோமை தெளிவுபடுத்தியது.

காணிக்கை விஷயம்: தொகையை அந்தந்த மறைமாநில ஆயர்கள் நிர்ணயிக்கிறார்கள். திருச்சபைச் சட்டம் 947 வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. 945 ஏழைகளின் கருத்துக்கு (அவர்கள் கேட்கும் வேண்டுதலுக்கு) காணிக்கை இல்லாமலே பூசை வைக்கும்படி குருக்களை வலியுறுத்துகிறது. காசில்லாதவர் பங்கு அலுவலகத்தில் போய்ப் பெயரை எழுதிக் கொடுக்கலாம். நவம்பர் 2 அன்று ஒரு குரு மூன்று பூசை வைக்கலாம், 1915-இல் பாப்பரசர் பதினைந்தாம் பெனதிக்து கொடுத்த அனுமதி. அதில் ஒன்றுக்கு மட்டும் காணிக்கை. இன்னொன்று மரித்த விசுவாசிகள் எல்லோருக்கும், மூன்றாவது பாப்பரசரின் கருத்துக்கு. யாரும் பெயர் கொடுக்காத ஆத்துமாவும் அன்று விடுபடுவதில்லை.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறை சந்தித்து மரித்தோருக்காக ஜெபிப்பவர், நாளுக்கு ஒன்றாகப் பரிபூரண பலனை (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையை முழுவதும் நீக்குவது) அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். அதற்குப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்கு ஜெபம் மூன்றும் வேண்டும். ஒரு பாவசங்கீர்த்தனம் பல நாளுக்குப் போதும். நற்கருணை ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். ஜனங்கள் தவறவிடுவது நாலாவதை: அற்பப் பாவத்தின் மேல்கூடப் பற்று இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளில் எது குறைந்தாலும் பலன் பரிபூரணம் ஆகாது, பகுதிப் பலன்தான். பழைய ஜெபப் புத்தகத்தில் "300 நாள் பலன்" என்று பார்த்துவிட்டு, உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் கழியும் என்று நினைத்தவர்கள் ஏராளம். அது ஆதித் திருச்சபையில் 300 நாள் செய்த தவத்துக்கு ஈடு என்ற அளவு. அந்தக் குழப்பத்துக்காகவே பாப்பரசர் ஆறாம் பவுல் 1967-இல் நாள் கணக்கை எடுத்துவிட்டார்.

பாளை_சாலமோன்:
விவரத்துக்கு நன்றி. ஏழைக்கும் வழி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதி எவ்வளவு நுணுக்கமாகிறதோ அவ்வளவுக்கு என் கேள்வி வலுக்கிறது. கிறிஸ்துவின் இரத்தம் சகல பாவத்தையும் நீக்கும் என்று 1 யோவான் 1:7 சொல்லும்போது, மிச்சம் எதைத் தூய்மையாக்க இத்தனை ஏற்பாடு?

உவரிக்கடல்:
அதே இரத்தம்தான் தூய்மையாக்குகிறது, ஐயா. 1 கொரிந்தியர் 3-இல் மரமும் புல்லும் வைக்கோலும் எரிந்துபோக, கட்டினவன் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுகிறான். அந்த அக்கினி கிறிஸ்துவே, அவர் பார்வையே என்று இக்கால இறையியலாளர் சிலர் சொல்வதைப் பாப்பரசர் பதினாறாம் பெனதிக்து 2007-இல் தன் சுற்றுமடலில் எடுத்துக்காட்டினார். வேறொரு மருந்து இல்லை.

பாளை_சாலமோன்:
அங்கே எரிவது வேலைப்பாடு, ஆள் அல்ல. அதுவும் நியாயத்தீர்ப்பின் "நாளானது" வெளிப்படுத்தும் அன்றைக்கு, செத்த மறுநாள் அல்ல. இந்த ஒரு இடத்தில் நான் உங்களைவிடத் தேவாவுக்குக் கிட்ட நிற்கிறேன்.

ஈஸ்டர்_லில்லி:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். இறந்த அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மகள் கத்தோலிக்கர். அப்பா பேருக்குப் பூசைக் கருத்து எழுதலாமா?

உவரிக்கடல்:
எழுதலாம் சகோதரி. சட்டம் 901: உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட பட்டியலில் பெயர் போவது வேண்டாம் என்றால் சாதாரண நாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்க்கக் காணிக்கை கொடுத்தவர்களின் சம்மதம் வேண்டும்.

பாளை_சாலமோன்:
சட்டம் இடம் கொடுக்கலாம். ஆனால் அந்த மனிதர் உயிரோடிருந்தபோது அறிக்கையிட்ட விசுவாசம் இதை வேண்டாம் என்றது. அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் அதே சபையில் இருந்தால் அவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள் தங்கையே. பட்டியலில் பெயர் வாசிக்கப்படும்போது அவர்கள் காதில் அது புதிதாக விழக் கூடாது.