பங்குனி ஆமை: ஒரு சீசனில் புராஜெக்ட் முடியுமா?

மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) என்ற ஒரே இனத்திலேயே ஒரு ஆமை நிறைய முட்டை இடுகிறது, இன்னொன்று கொஞ்சமாக. ஒன்று அடுத்த வருடமே கரையேறுகிறது, இன்னொன்று தள்ளிப் போடுகிறது. ஏன் என்று பார்க்க ஆசை. தனுஷ்கோடி பக்கம் ஒரு சீசன் போனால் போதுமா?

வைகைக்கரை: முட்டை எண்ணிக்கைக்குப் போதும், மறுவருகைக்குப் போதாது. கரைக்கு வருவதற்கு முன்பே, மேய்கிற கடலில் உடம்பில் கொழுப்பு சேரணும், கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டுச் சேர்க்கிற மாதிரி. தீனி குறைந்த வருடம் வராது. பேராமை என்கிற இன்னொரு கடலாமை இனத்துக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 வருட இடைவெளி, அதை எம்.எஸ்சி.க்குள் எப்படிப் பிடிப்பீர்கள்?

பாம்பன்காரன்: தம்பி, முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்க, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1 விலங்கு, அது இல்லாமல் தொடக்கூட முடியாது. அப்புறம், முட்டை விழ ஆரம்பித்த பிறகுதான் கிட்டப் போகணும், அதுக்கு முன்னாடி டார்ச் அடித்தால் குழியை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். துணி டேப்பை ஓட்டின் வளைவோடு ஒட்டிப் பிடிங்க, கொட்டலசு (ஓட்டில் ஒட்டி வளர்கிற சின்ன கடலுயிர்) ஒட்டியிருந்தால் அதன்மேல் ஏற்றாதீங்க, அளவு கூடிவிடும்.

வைகைக்கரை: இன்னொன்று. ஒடிசாவில் ருசிகுல்யா மாதிரி கூட்டமாக ஏறுகிற இடங்களில் ஒரே பங்குனி ஆமை அதே சீசனில் அடுத்த தடவை முட்டையிடச் சுமார் 28 நாள் எடுக்கும், தனியாக வருகிறவை 14 நாளில் இட்டுவிடும். இனம் ஒன்றுதான்! எனக்கு இதுதான் நல்ல தலைப்பாகப் படுகிறது.

கேட்டவர்: சரி, அப்போ உடல் அளவும் முட்டை எண்ணிக்கையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். அனுமதிக்கு யாரிடம் விண்ணப்பிக்கணும், அண்ணே?

பாம்பன்காரன்: சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு, உங்க துறைத்தலைவர் கடிதத்தோடு. ஜனவரியிலேயே ஆமை ஏற ஆரம்பித்துவிடும், இப்பவே போடுங்க.