எஸ்டேட் தார் ஜீப்பில் வின்ச்: ஸ்டீல் கேபிளா, சிந்தெடிக் ரோப்பா?

செம்மண்தடம்:
வணக்கம். தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டத்தில் ஓடும் டீசல் மஹிந்திரா தார் ஜீப். ஆளும் சாமானும் சேர்ந்தால் 2.2 டன் வரும். முன்னால் 9500 பவுண்டு வின்ச் (மோட்டாரில் கேபிளைச் சுற்றி இழுக்கும் கருவி), அதில் 8 மி.மீ. ஸ்டீல் கேபிள் 28 மீட்டர், கேபிள் வெளியே வரும் வாயில் நாலு உருளை உள்ள ரோலர் ஃபேர்லீட். கேபிளில் இரண்டு இடத்தில் மடிப்பு விழுந்து இழை பிரிந்து நிற்கிறது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேலை மூன்று விதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றில் மாட்டும் பிக்கப்பை இழுப்பது. காற்றில் விழும் சில்வர் ஓக்கைப் பாதையிலிருந்து இழுத்துப் போடுவது. எப்போதாவது சரிவில் டிரெய்லரை வின்ச்சில் பிடித்து மெதுவாக இறக்குவது. இதற்கு சிந்தெடிக் தாங்குமா? தாங்கும் என்றால் 10 மி.மீ. வாங்குவதா, 12 வாங்குவதா? இருக்கிற ரோலரும் ஸ்னாட்ச் பிளாக்கும் (கேபிளைத் திருப்பி ஓட்டும் கப்பி) அப்படியே இருக்கலாமா?

வடக்கயிறு:
முதலில் ஒன்று. இழை பிரிந்த அந்தக் கேபிளை இன்றே கழற்றிவிடுங்கள். மடிப்பு விழுந்த இடத்தை நிமிர்த்தினாலும் வலு திரும்பாது. அடுத்த பெரிய இழுவையில் அந்த இடத்தில்தான் அறும்.

உங்கள் வேலைக்கு என் வாக்கு சிந்தெடிக்குக்கு. வலுவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. வலுக் கணக்கு என்றால் 8 மி.மீ. ஸ்டீல் சுமார் 4.4 டன்னில் அறும், வின்ச்சின் உச்ச இழுவையோ 4.3 டன். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. நல்ல 10 மி.மீ. டைனீமா (வலுவான செயற்கை இழை) வகை ரோப் 8 டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் நான் முக்கியமாகப் பார்ப்பது யார் கையில் அது போகிறது என்பதைத்தான். தோட்டத்தில் கேபிளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குகிறவர் வெறுங்கையோடுதான் இறங்குவார். உடைந்த ஒரே ஒரு கம்பி இழை உள்ளங்கையைக் கிழித்துவிடும். 28 மீட்டர் ஸ்டீல் 7 கிலோ, அதே நீள ரோப் 2 கிலோகூட வராது. ரோலரைக் கழற்றி அலுமினிய ஹாஸ் (உருளை இல்லாத, வழவழப்பான வாய் மட்டும் உள்ள ஃபேர்லீட்) போட்டால் முன் அச்சின் மேல் மொத்தமாகச் சுமார் 10 கிலோ குறையும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ரோப்பின் எடை குறைவு, அதனால் அறுந்த முனை ஸ்டீல் மாதிரி வீசி அடிக்காது என்பது உண்மை. அறுவது ரோப்பாக இல்லாமல் எதிரே மாட்டிய கொக்கியோ ஷேக்கிளோ (குறுக்கு ஊசி போட்ட இரும்பு வளையம்) என்றால், அந்த இரும்புத் துண்டு ரோப்போடு சேர்ந்து பறந்து வரும். சிந்தெடிக் என்றாலும் நடுவில் நனைந்த சணல் சாக்கையோ டேம்பர் பையையோ (அறுந்தால் வீச்சை அடக்கும் கனமான பை) போடுங்கள். இழுக்கும் நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. இழுவையில் இருக்கும் ரோப்பைத் தாண்டி ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

மரம் இழுப்பதுதான் சிந்தெடிக்கின் பலவீனம். கல்லில் பக்கவாட்டில் உரசினால் ஒரே இழுவையில் பாதி இழை போய்விடும். அதனால் ரோப் மரத்தையோ தரையையோ தொடவே விடாதீர்கள். கட்டையைச் சுற்ற மூன்று மீட்டர் கிரேடு 80 சங்கிலி வைத்துக்கொள்ளுங்கள், 13 மி.மீ. அளவில். அதன் வேலைச்சுமை 5.3 டன். 10 மி.மீ. சங்கிலிக்கு 3.15 டன்தான், உங்கள் வின்ச் முழு மூச்சில் இழுத்தால் அதைத் தாண்டிவிடும். 13 மி.மீ. கனம்தான், இருந்தாலும் அதுவே சரி. சங்கிலிக்கும் ரோப்புக்கும் நடுவே 4.75 டன் போ ஷேக்கிள்.

நிற்கிற மரத்தை ஆதாரமாக வைத்து வண்டியை இழுக்கும்போது 75 மி.மீ. அகலத் துணிப் பட்டையை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றுங்கள். ரோப்பையே மரத்தில் சுற்றி அதன் கொக்கியை அதிலேயே மாட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மரத்தின் பட்டையும் உரியும், ரோப்பும் கெடும்.

12 மி.மீ. வேண்டாம். இந்த அளவு வின்ச்சின் டிரம் (ரோப் சுற்றும் உருளை) சுமார் 64 மி.மீ. விட்டமும் 230 மி.மீ. அகலமும் இருக்கும். அதில் 10 மி.மீ. ரோப் நாலு அடுக்கில் 27, 28 மீட்டர் அடங்கும். 12 போட்டால் அதே நீளத்துக்கு ஐந்தாவது அடுக்கு ஏறி மேலே இணைப்புக் கம்பியில் உரசும். வின்ச்சில் எழுதியிருக்கும் 9500 பவுண்டு முதல் அடுக்குக்கு மட்டும்தான், நாலாவது அடுக்கில் அது 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ரோப் தடிக்கத் தடிக்க இந்த இழப்பும் கூடும்.

கியர்_நெய்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மூன்றாவது வேலையை நண்பர் தொடவே இல்லை. சிந்தெடிக் போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியதே அதுதான்.

பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் வகை) வின்ச்சில் பெரும்பாலும் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கும். சுமையோடு ரோப்பை வெளியே விடும்போது அந்த பிரேக் உராய்ந்துகொண்டே சுற்றும். சூடு முழுக்க டிரம்முக்குப் போகும். டைனீமா இழை 150 டிகிரிக்கு அருகில் உருகிவிடும், 70 டிகிரி தாண்டினாலே வலு குறைய ஆரம்பிக்கும். கெடுவது டிரம்மை ஒட்டிய முதல் அடுக்கு, அது மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. வெளியே புத்தம்புதுசாகத் தெரியும் ரோப் அடியில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும்.

ஸ்டீலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பிரேக்குக்கு உண்டு. வின்ச் பாரம் இறக்கும் கருவியே அல்ல. டிரெய்லரை இறக்குவதற்கு டிர்ஃபார் (கையால் இயக்கும் கம்பிவட இழுவைக் கருவி) வாங்குங்கள், அல்லது தாரின் பின் கொக்கியில் மாட்டி லோ ரேஞ்ச் முதல் கியரில் இன்ஜின் பிரேக்கில் இறக்குங்கள். அந்த வேலையை வின்ச்சிலிருந்து எடுத்துவிட்டால் நானும் சிந்தெடிக் பக்கம்தான். எடுக்க முடியாது என்றால் ஸ்டீலிலேயே இருங்கள்.

செம்மண்தடம்:
ரொம்ப நன்றி. டிரெய்லர் வேலையை நிறுத்திவிடலாம், டிர்ஃபார் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது. பிரேக் உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மாட்டும் முறையையும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள். ரோலர் நன்றாகத்தான் சுற்றுகிறது, அதை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கியர்_நெய்:
மோட்டார் ஒரு பக்கம், கியர் பெட்டி மறுபக்கம், நடுவே டிரம் என்று நீளவாக்கில் இருந்தால் பிரேக் உள்ளே என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் டிரம்முக்கு வெளியே வைத்திருப்பார்கள், கையேட்டில் போட்டிருக்கும். வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) வகை என்றால் கியரே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும், டிரம் அவ்வளவு சுடாது.

வடக்கயிறு:
ரோலர் சுற்றுவது விஷயமில்லை. நிற்கும் உருளையும் படுக்கும் உருளையும் சந்திக்கும் மூலையில் ஒரு சந்து இருக்கும். கோணமாக இழுக்கும்போது ரோப் அதற்குள் போய் நசுங்கும். இத்தனை நாள் ஸ்டீல் ஓடிய உருளையில் கேபிள் வெட்டிய கோடுகளும் பிசிறும் இருக்கும். அலுமினிய ஹாஸ் போடுங்கள். இந்த அளவு வின்ச்சுக்கு போல்ட் இடைவெளி வழக்கமாக 254 மி.மீ., அளந்து பார்த்து வாங்குங்கள். விளிம்பு நன்றாக உருண்டையாக இருக்க வேண்டும், மெல்லிய தகட்டு ஹாஸ் உதவாது. அதில் பிறகு ஒருநாளும் ஸ்டீல் கேபிளை ஓட்டக் கூடாது. ஸ்னாட்ச் பிளாக்குக்கும் இதே கதை. ஸ்டீல் ஓடிய சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாலே வரி தெரியும். சிந்தெடிக்குக்கு என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பழைய கேபிளை முழுக்க வெளியே விட்டு, டிரம்மில் இருக்கும் ஆலன் திருகைத் தளர்த்தி எடுங்கள். பிறகு டிரம்மைப் பாருங்கள். ஒரு பிடி பஞ்சை எடுத்து டிரம்மின் மேலும் இரண்டு பக்கத் தட்டின் உட்புறத்திலும் மெதுவாகத் தேய்த்துச் சுற்றுங்கள். எங்கே பஞ்சு சிக்கி நூலாக நிற்கிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. அரத்தால் ராவி, எமரித் தாளில் வழவழப்பாக்கி, தூசியைத் துடைத்துவிட்டு மறுபடி பஞ்சால் தடவுங்கள். சிக்காத வரை விடாதீர்கள். ஹாஸின் வாய்க்கும் புதுசு என்று விடாமல் இதையே செய்யுங்கள்.

அடுத்தது சுற்றும் திசை. ‘இன்’ அழுத்தினால் டிரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே ரோப் ஏற வேண்டும், வழக்கமாக டிரம்மின் அடிப்பக்கத்திலிருந்து. தலைகீழாகச் சுற்றினால் ‘அவுட்’ அழுத்தினால்தான் இழுக்கும், அப்போது பிரேக் பாரத்தைப் பிடிக்காது. இதில் தவறினால் வண்டி சரிவில் தானாக இறங்கும்.

ரோப்பின் முனையை டிரம்மில் பிடிக்கும் திருகு பாரம் தாங்க வைத்ததல்ல, முதல் சுற்றுகளின் பிடிமானம்தான் தாங்குகிறது. ஸ்டீலுக்கு 5 சுற்று மிச்சம் இருந்தால் போதும். சிந்தெடிக் வழுக்கும், 10 சுற்று எப்போதும் டிரம்மில் இருக்கட்டும். அது 2.3 மீட்டர் போகும், 28 மீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 25 சொச்சம். பத்தாவது சுற்று முடிகிற இடத்தில் ரோப்பில் கலர் நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள். வெளியே விடுகிற ஆளுக்கு அது கண்ணில் பட்டதும் நிறுத்தத் தெரியும்.

முதல் அடுக்கை இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி இறுக்கமாகச் சுற்றுங்கள். மிச்சத்தைப் பாரத்தோடுதான் ஏற்ற வேண்டும். ரோப் முனையை மரத்தில் பட்டையோடு மாட்டி, வண்டியைக் கிட்டத்தட்ட சமதளத்தில் நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்து, வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போகட்டும். 200 முதல் 250 கிலோ இழுவை இருந்தால் போதும். கையால் தளர்வாகச் சுற்றினால் முதல் பெரிய இழுவையில் மேல் சுற்று கீழ் அடுக்குக்குள் புதைந்து கடித்துக்கொள்ளும். பிறகு வெளியே விடும்போது ரோப் வராது, சுழன்று மறுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.

சேற்று வேலை முடிந்ததும் கழுவுவதைத் தள்ளிப் போடாதீர்கள். செம்மண் காய்ந்தால் இழைகளுக்கு நடுவே மணல் உட்கார்ந்து உள்ளிருந்தே அரிக்கும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு, ரோப்பை இரண்டு கையாலும் நெருக்கிப் பிடித்தால் பின்னல் திறக்கும், அப்படியே அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், டீசல் வேண்டாம். இறுகின இடத்தை வளைத்துப் பாருங்கள். வளைக்க வளைக்க இளகினால் அமுக்கத்தால் வந்தது, பயமில்லை. கட்டையாகவே நின்றால் உருகியிருக்கிறது, அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.

வெட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டு ஓட்டக் கூடாது. முடிச்சில் பாதி வலு போய்விடும், அதிலும் இந்த இழை முடிச்சில் நிற்காமல் நழுவும். ஸ்ப்ளைஸ்தான் (முடிச்சில்லாமல் ரோப்புக்குள்ளேயே செருகிப் பிணைப்பது) வழி. பன்னிரண்டு புரி ரோப் உள்ளே குழாயாக இருக்கும். வாலை அதற்குள் செருகிப் புதைக்கும் நீளம் விட்டத்தில் 72 மடங்கு, 10 மி.மீ.க்கு 72 செ.மீ. வால் முனையில் புரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி மெலிய வைத்துப் புதைத்தால் திடீர் மேடு வராது.

பழைய_ஜீப்:
ஸ்டீலிலேயே நிற்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கேபிள் அறுந்த இடத்தில் யு கிளிப் போட்டு முனையில் வளையம் கட்டும்போது பல பேர் கிளிப்பைத் திருப்பிப் போடுகிறார்கள். வளைந்த யு போல்ட் வெட்டு முனைப் பக்கம் இருக்க வேண்டும், தட்டையான சேணம் பாரம் வரும் பக்கம். 8 மி.மீ.க்கு மூன்று கிளிப், நடுவே விட்டத்தில் ஆறு மடங்கு இடைவெளி, அதாவது சுமார் 5 செ.மீ. ஒருமுறை பாரம் ஏற்றியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். தளர்ந்திருக்கும்.