புதிதாக விளையாட வருபவர் ஃபேக்ஷனில் சேரலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொலுசுப்பட்டறை

ஆல்பியன் என்பது பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம். அதில் நகரத்துக்கு ஒரு ஃபேக்ஷன், அதாவது ஒரு சண்டைப் பக்கம், உண்டு. நேராகச் சொல்கிறேன். 2023 மார்ச்சில் ஈஸ்ட் சர்வர் திறந்ததும் ஃபோனில் இறக்கினேன். மூன்றாம் நாள் சாட்டில் ஒருவர், "மார்ட்லாக் பக்கம் சேரு, கூட்டத்தோட போனாலே பாயிண்ட்" என்றார். அந்த நகரத்தின் ஃபேக்ஷனில் சேர்ந்துவிட்டேன். ஃபிளாக் போட்டால், அதாவது ஒரு பக்கத்துக் கொடியை ஏற்றிக்கொண்டால், எதிர் நகரத்துக்காரன் எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று இரவு செவ்வாய்ப்பேட்டையில் பட்டறையை மூடிவிட்டு, வாசல் படியிலேயே உட்கார்ந்து ஆடினேன். கேமில் மூன்று நாளாக வெட்டிய தாது முழுக்க என் சவாரி மாட்டின் மேல் இருந்தது. வங்கியில் வைத்துவிட்டு வா என்று சொல்ல ஆள் இல்லை. செத்தால் சரக்கெல்லாம் போகும் சிவப்பு மண்டலத்தில் நுழைந்ததும் கூட்டம் குதிரையில் பறந்துவிட்டது. மாடு எங்கே ஓடும்? எதிர் நகரமான லிம்ஹர்ஸ்டின் பச்சைக்கொடியோடு இரண்டு பேர் வந்து மாட்டைச் சாய்த்து, அப்புறம் என்னையும் சாய்த்தார்கள்.

சரக்கு போனதைக்கூட மறந்துவிட்டேன். நான் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு குதிரை நின்றது. மார்ட்லாக் நீலம், நம்ம ஆள். மூன்று நான்கு விநாடி அப்படியே நின்றார். பிறகு குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தத் திரும்பல் இன்னும் கண்ணில் நிற்கிறது. புதியவர்கள் யாரும் சேராதீர்கள் என்பதுதான் என் கட்சி.

குகைக்காரன்

என்னுடையது 2010 கதை, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். நானும் என் கல்லூரி நண்பனும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தோம். அதில் இருப்பது இரண்டு எதிர்ப் பக்கங்கள்: நான் அலையன்ஸ், அவன் ஹோர்டு. படம் பார்த்துப் பிடித்ததை எடுத்தோம், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. எதிரெதிர் பக்கம் போனால் ஒரே குழுவில் ஆட முடியாது, சாட்கூட புரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு நாள் இரவு சொல்லிவைத்து ஒரே இடத்துக்கு வந்தோம். அவனுடைய எருதுமுக ஆள் என் குள்ளனுக்கு எதிரே நிற்கிறது. அவன் சிரித்து அடித்த 'லோல்' எனக்கு 'கெக்' என்று வந்தது. நான் என்னென்னவோ அடித்தேன், அவனுக்கும் அப்படித்தான் ஏதோ போயிருக்கும். கையசைத்தான், நானும் கையசைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு அவரவர் வழியில் போனோம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து டஞ்சன் என்ற குகைச் சண்டைகளுக்குப் போகலாம் என்று 2022இல் மாற்றினார்கள். அதற்குள் அவன் ஷார்ஜா போய், வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டான். செய்தியை அவனுக்கு அனுப்பினேன். கையசைக்கும் படம் ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டான்.

ஐந்துரோடு

கொலுசுப்பட்டறை சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குதிரைக்காரர் ஓடியதற்கு ஃபேக்ஷன் என்ன செய்யும்? முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஃபேக்ஷன் என்பது கேம் தரும் பக்கம். அதில் இருப்பவனுக்கு உங்களைத் தெரியாது, நிறம் மட்டும்தான் ஒன்று. கில்டு என்பது ஆட்கள் நடத்துவது, அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது, நீங்கள் சேர்ந்தது முதலாவது.

ஒவ்வொரு கேமிலும் இதன் கனம் வேறு. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் கிராண்ட் கம்பெனி என்ற மூன்று படைகளில் எதை எடுத்தாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016 அக்டோபருக்குப் பிறகு எந்தக் கூட்டணிக்காரரும் எந்த ஊருக்கும் போகலாம். சிரோடில் என்ற போர்க்களத்தில் மட்டும்தான் பக்கம் குறுக்கே வரும். விண்கப்பல் கேமான ஈவ் ஆன்லைனில் கதை தலைகீழ். ஆரம்பத்தில் கேமே உங்களை ஒரு கார்ப்பரேஷனில், அதாவது கில்டு மாதிரியான குழுவில், போட்டுவிடும். அங்கே 11 சதவீதம் வரி பிடிப்பார்கள், ஆனால் அதன் மேல் யாரும் போர் அறிவிக்க முடியாது. ஆட்கள் நடத்தும் கார்ப்பரேஷனுக்குப் போனால் வரி குறையலாம், ஆனால் மற்றவர்களின் சண்டையும் உங்கள் தலையில் விழலாம். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பிடியிலிருந்த இடத்துக்கான வாடகையைக் கட்டத் தவறியதால் பெரும் போர் மூண்டு, டைட்டன் என்ற மிகப்பெரிய கப்பல்கள் 75 ஒரே நாளில் அழிந்தன. அங்கே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே 2004இலிருந்து ஈவ் யூனிவர்சிட்டி என்று ஒரு கார்ப்பரேஷன் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வரி எவ்வளவு, எந்த நேரத்தில் ஆட்கள் இருப்பார்கள், வெளியேறினால் என்ன ஆகும்.

என் அனுபவமா? முதல் வாரம் ஒரு கார்ப்பரேஷனில் கடனாகக் கப்பல் கொடுத்தார்கள், தொலைத்தேன். எதுவும் கேட்காமல் இன்னொன்று கொடுத்தார்கள்.

நாகலூர்

ஐந்துரோடு அண்ணா, கேள்வி கேட்டுச் சேர்வதெல்லாம் சரி. வந்து இரண்டு நாள் ஆனவருக்கு அந்தக் கேள்விகளே தெரியாதே. நானும் ஆல்பியன்தான், ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டிலிருந்து. மழை பிடித்தால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, டவரும் கூடவே படுத்துவிடும்.

கில்டில் சேர்ந்த முதல் வாரம். ஐந்து பேரோடு சிவப்பு மண்டலத்தில் தோல் சேகரிக்கப் போயிருந்தேன். பாதியில் மழை, ஃபோன் உறைந்துவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். தலையெல்லாம் நனைந்தது. ஒரு கோடு சிக்னல் வந்து திரை மறுபடி திறந்தபோது, எல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

என் ஆள் நின்ற இடத்திலேயே நின்றது. சுற்றிலும் அந்த ஐந்து பேரும் முதுகை என் பக்கம் வைத்து, வெளியே பார்த்து வட்டமாக நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஒருவனுடைய பை கிடந்தது, யாரோ வந்து அடிவாங்கிப் போயிருக்கிறான். சாட்டில் ஒரே ஒரு வரி: "அக்கா வந்தாச்சா, போலாமா?"

கொலுசுப்பட்டறை தம்பி, அந்தக் குதிரைக்காரருக்கும் அன்று சிக்னல் போயிருக்கலாம் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். திருப்பிக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு வாய்த்தது உங்களுக்கு வாய்க்கவில்லை, அதுதான் வருத்தமாக இருக்கிறது.

கொலுசுப்பட்டறை

அக்கா, அந்த வட்டத்தைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. மார்ட்லாக்கிலிருந்து அன்றே விலகிவிட்டேன், இதுவரை தனியாகத்தான் ஆடுகிறேன். உங்கள் கில்டில் இடம் இருக்கிறதா? பட்டறை மூட பத்து மணி ஆகும், அதற்கு மேல்தான் வர முடியும்.

நாகலூர்

வாங்க தம்பி. பத்தரைக்குத்தான் நாங்களும் கிளம்புவோம். தாதுவை வங்கியில் வைத்துவிட்டு, ஃபிளாக் போடாமல் வாங்க.