என்ன கறி?

எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, சாகும்வரை தன் தோட்டத்தின் பெயரை ஒரே விதமாகத்தான் சொன்னார். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் பலகையிலும் கணக்குப் புத்தகத்திலும் இருக்கும். சனங்கள் வைத்த தமிழ்ப் பெயர் சனங்களின் வாயில் மட்டும் இருக்கும். அம்மாயிக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது பெயர். இந்தியாவுக்கு வரும்போது கொடுத்த குடும்ப அட்டையிலோ ஈரம் பட்டு எழுத்தெல்லாம் கரைந்து, மஸ்கெலியா என்ற ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 2024 மார்ச்சில் நானும் அம்மாவும் கிளம்பினோம்.

அம்மா அங்கிருந்து வந்தபோது அவருக்கு ஏழு வயது. வருடம் 1974. அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போயிருக்கிறார்கள். அம்மாயியின் தங்கை, அம்மாவுக்குச் சின்னம்மா, அங்கேயே தங்கிவிட்டார். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது அவரவர் போட்ட மனுவைப் பொறுத்தது. மனுவை வீட்டு ஆண்கள் போட்டார்கள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு இருக்கிறது என்று தன் அப்பா சொல்லக் கேட்டிருந்த எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போட்டார். அப்படி யாரும் சொல்லக் கேட்டிராத சின்னத் தாத்தா இலங்கைக்குப் போட்டார். லயம் என்ற ஒரே வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) குடியிருந்த அக்காவும் தங்கையும் இதில் பிரிந்தார்கள்.

கடிதம் வந்துகொண்டிருந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு நின்றுபோனது. அம்மாயி 2009இல் இறந்தார். தங்கை உயிரோடு இருக்கிறாரா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் போனோம்.

கொழும்புக் கோட்டையில் விடியற்காலைக் கோச்சியைப் பிடித்து, நண்பகல் நெருங்கும்போது அட்டனில் இறங்கினோம். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடும் கிழவிகளோடும் நல்லதண்ணி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நடைமேடையை விட்டு நகரவில்லை. இங்கிருந்து இந்தியாவுக்குச் சனங்களை ஏற்றிப்போன வண்டிகளுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். வண்டி அசையும்போது உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் ஒரே குரலில் ஒப்பாரி வைப்பார்களாம். ஏழு வயதில் தான் அழவில்லை என்றும், ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்ததாகவும் அம்மா சொன்னார். ஐம்பது வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா பஸ். காசல்ரீ நீர்த்தேக்கம் ஒரு பக்கமாக வந்துகொண்டே இருந்தது. கோடையாதலால் நீர் இறங்கி, கரையில் செம்மண் விளிம்பு தெரிந்தது. மஸ்கெலியாவிலும் அப்படித்தான். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. அணை கட்டியபோது ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். நீர் நன்றாக வற்றும் காலங்களில் பழைய கோயில் வெளியே வரும். அம்மாயி சொன்னபோது, தன் ஊரைப் பெரிதாக்கிக் காட்டக் கதை கட்டுகிறார் என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன்.

பஸ் நிலையத்தில் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். ஆட்டோ ஓட்டும் பையன்கள் நாலைந்து பேர் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது வெற்றிலைக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், "அந்தப் பெயரை யார் சொன்னது?" என்று கேட்டார். அம்மா சொன்னார். "அந்தப் பெயரைச் சொல்லும் ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்" என்றவர், எழுந்து வந்து ஓர் ஆட்டோப் பையனிடம் ஆங்கிலப் பெயரைச் சொல்லி, மேட்டு லயம்வரை கொண்டுபோய் விடச் சொன்னார். சொந்தங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இது: வரைபடத்தை நம்ப வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தோட்டப் பெயர், லயத்தின் பெயர், கங்காணியின் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பஸ் நிலையத்தில் வயதானவராகப் பார்த்துக் கேளுங்கள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தைத் தாண்டியதும் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். பீலி! பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடம். மூங்கில் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குழாய். அம்மா கையை நீட்டிப் பிடித்துக் குடித்தார். நான் பாட்டில் தண்ணீர் வைத்திருந்தேன், வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

லயம் இருந்தது. பத்துக் காம்பராக்களின் தகரக் கூரை, மேலே காற்றுக்குப் பறக்காமல் கல். இரண்டு காம்பராக்கள் எரிந்து கரியாக நின்றன. பல இஸ்தோப்புகளை, அதாவது முன் திண்ணைகளை, அடைத்துச் சுவர் வைத்து இன்னோர் அறையாக்கியிருந்தார்கள். குடும்பம் பெருகும், காம்பரா பெருகாது. நாய்கள் குரைத்ததில் ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். அம்மா தன் சின்னம்மாவின் பெயரைச் சொன்னதும் அவள் எங்களிடம் பதில் சொல்லாமல், மலைப்பக்கம் திரும்பிக் கூவினாள். மேலே தேயிலைக்குள் குனிந்திருந்தவர்களில் ஒரு தலை நிமிர்ந்தது. முதுகில் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக ஒரு பெண் பாதி ஓட்டமாக இறங்கி வந்தார். அவர்தான் என் சித்தி, சின்ன அம்மாயியின் மகள். அம்மாயி குடும்பம் போன பிறகு பிறந்தவர். அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. பார்த்ததும் "அக்கா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் கூலி; அதற்கு ஆயிரம் ரூபாய். சித்தி திரும்ப மலைக்குப் போகவில்லை. அவர் கணக்கில் அரைப்பேர்தான் விழுந்திருக்கும்.

சின்ன அம்மாயி உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வயது 81. அச்சாக எங்கள் அம்மாயியின் நெற்றி, அதே காது. காதில் நகை இல்லை, ஓட்டை மட்டும் நீண்டு தொங்கியது. அம்மா காலடியில் உட்கார்ந்து, அம்மாயி இறந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டதைச் சொன்னார். நான் கிழவியின் தோளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் அழவில்லை. "அவளுக்கு நான் அட்டன் ஸ்டேஷனிலேயே ஒப்பாரி வைத்து முடித்துவிட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "பதினைந்து வருடம் நான் கூடுதலாக இருந்துவிட்டேனா!" என்று கேட்டார். அதை யாரிடம் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். சேமலாப நிதி (பி.எஃப்.) தாள்கள், பிறப்புப் பத்திரங்கள், அடியில் அம்மாயியின் கடிதங்கள். அம்மாயிக்கு எழுதத் தெரியாது, சின்ன அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. அங்கே யாரோ எழுதியதை இங்கே தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர் படித்துக் காட்டியிருக்கிறார். மொத்தம் பதினோரு கடிதங்கள். நான் வாய்விட்டுப் படித்தேன்.

1975இல் வந்த ஒன்று: "நாங்கள் எல்லோரும் நலம். அரசாங்கம் வீடும் காணியும் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். குளிர் இல்லை. நீ கவலைப்படாதே."

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த வருடம் அவர்கள் இருந்தது கொடைக்கானல் மலையில். மண்டபம் முகாமிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர், முன்பணம் கொடுத்து, சீகை மரம் வெட்டிப் பட்டை உரிக்கக் கூட்டிப்போனார். முன்பணம் தீரவே இல்லை. தார்ப்பாய்க் குடிசை, நடுங்கும் குளிர். எட்டு வயது அம்மா பட்டைக் கட்டுத் தூக்கினார். ஒரு தம்பி அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். ஐந்து வருடம் கழித்துத்தான் ஓர் இரவில் தப்பித்து நீலகிரிக்கு வந்து, தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேரம்பாடியில் வேலை வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தின் வாசலை அம்மா மிதித்ததே இல்லை. கடிதங்களில் இதில் ஒரு வரிகூட இல்லை. பதினொன்றிலும் வீடும் காணியும் பள்ளிக்கூடமும்தான்.

"இங்கிருந்து என்ன எழுதினீர்கள், சின்னம்மா?" என்று அம்மா கேட்டார். "இங்கே எல்லாம் முன்னைப் போலத்தான் என்று எழுதச் சொன்னேன்."

சித்திதான் விளக்கினார். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். ரேஷன் மா குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. மலையகம் எங்கும் பசியில் ஆட்கள் விழுந்து செத்தார்கள். எங்கள் அம்மாயி கப்பல் ஏறிய நாலாம் மாதம், சின்ன அம்மாயியின் கைக்குழந்தை பால் இல்லாமல் இறந்தது. தேயிலை நாற்று வளர்க்கும் தவறணைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அந்தக் குழந்தைக்கு எங்கள் அம்மாயிதான் பெயர் வைத்தவராம். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறார். நடக்கிறாள் என்று ஒரு வருடம், பேசுகிறாள் என்று ஒரு வருடம், பள்ளிக்கூடம் போகிறாள் என்று ஒரு வருடம் பதில் போயிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் இரங்கி எழுதிய பொய்கள் அவை. அந்தப் பொய்களை எழுத வைத்தவர்கள் யாருக்கும் ஒரு குடிசையின் குளிரோ ஒரு குழந்தையின் பசியோ பட்டதில்லை. மேசைமேல் ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். 1,50,000 பேரைப் பற்றி முதலில் முடிவெடுக்க முடியவில்லை என்று தள்ளிவைத்து, பத்து வருடம் கழித்து ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டினார்கள். ஒரு கடையின் சரக்கைக்கூட இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள்.

"அவள் நன்றாக இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்" என்றார் சின்ன அம்மாயி. எப்படி என்று கேட்டோம்.

"ஒரு கடிதத்திலாவது என்ன கறி வைத்தாள் என்று எழுதினாளா? இங்கே இருந்தபோது காலையில் கண்டால் முதல் பேச்சே அதுதான். வீடு கிடைத்தவள், காணி கிடைத்தவள், அதில் என்ன நட்டாள், என்ன ஆக்கினாள் என்று எழுத மாட்டாளா?"

அங்கே கறி என்றால் சோற்றுக்கு வைக்கும் எதுவும் கறிதான். கீரையும் கறி, கிழங்கும் கறி. அவர் சொன்ன பிறகு பதினொன்றையும் மறுபடி புரட்டினேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அவளுக்கும் தெரிந்திருக்கும்" என்றார். "நானும் எழுதவில்லையே."

பிறகு சாப்பாடு. சித்தி தேங்காய் துருவிப் போட்டு ரொட்டி சுட்டார், சம்பல் இடித்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து இரண்டு முட்டை வந்தது. இன்னொரு காம்பராவிலிருந்து கருவாட்டுக் குழம்பு. அம்மா தரையில் சப்பணமிட்டு நான்கு ரொட்டி சாப்பிட்டார். வீட்டில் அவர் ஒன்றரைக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இருட்டியதும் காமன் கூத்து ஆடும் பொட்டல் பக்கமிருந்து தப்புச் சத்தம் கேட்டது. மாசி அமாவாசை கழிந்து கூத்துக்குக் காமன் கம்பம் நட்டிருந்தார்கள். எங்கள் தாத்தா ஒரு வருடம் மன்மதனாக வேஷம் கட்டியதையும், கூத்து முடியும்வரை அம்மாயியோடு பேசாமல் விரதம் காத்ததையும் சின்ன அம்மாயி சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பில் அம்மாயி முழுதாக வந்துவிட்டுப் போனார்.

இரவுத் தபால் கோச்சிக்கு அட்டன் போக வேண்டும். அம்மா தவறணைப் பக்கம் போய் இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கடிதங்களை எடுத்துப் போகட்டுமா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சித்தி டின்னை மூடிச் சேலையால் துடைத்து மேலே வைத்தார். படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். சித்தியின் மகன் கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்கிறான். அவன் வாங்கிக் கொடுத்த போனில் எங்கள் எண்ணைப் பதிந்தோம்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு வந்தது. முகம் தெரியவில்லை, கூரைத் தகரமும் ஒரு காதும்தான் தெரிந்தன. நலமா என்று அவர் கேட்கவில்லை.

"என்ன கறி?"

"இன்னும் ஒன்றும் வைக்கவில்லை, சின்னம்மா. நேற்று வைத்த பருப்பு இருக்கிறது. கொஞ்சம் புளித்துவிட்டது" என்றார் அம்மா.