பொருள்: ‘அன்கேனி’க்கு ‘அகமருள்’ என்ற பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

‘அன்கேனி’ (uncanny) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் நான்கு: அமானுஷ்யம், விசித்திரம், அணங்கு, பழகுமருள். திகில் கதையைப் பற்றிப் பேசும் எவருக்கும் அடிக்கடி தேவைப்படும் சொல் இது என்பதால், முதலில் பொருளை ஒரு காட்சியில் வைத்துப் பார்த்துவிடலாம்.

தாய் மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். தாய் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவள். இன்று சீப்பு வலக்கையில் இருக்கிறது. வகிடு நேராக விழுகிறது, கையில் தடுமாற்றமே இல்லை. எப்போதும் முணுமுணுக்கும் பாட்டைத்தான் இன்றும் முணுமுணுக்கிறாள். மகள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த இடத்தில் வாசகருக்கு எழுவதுதான் அன்கேனி. தாயின் பாதங்கள் தரையில் படவில்லை என்று அடுத்த வரியை எழுதினால் கதை அமானுஷ்யத்துக்குப் போய்விடும். சீப்போடு தோலும் உரிந்து வந்தது என்று எழுதினால் அது கோரம். இரண்டு வழியிலும் நல்ல கதை எழுதலாம். ஆனால் சீப்பு கை மாறியதைக் கண்டதும் எழுந்த அந்த உணர்வு இரண்டிலும் கலைந்துவிடும். அதனால்தான் ‘அமானுஷ்யம்’ இங்கே பொருந்தாது என்கிறேன். பேயே இல்லாத கதையிலும் அன்கேனி உண்டு. பேய் வந்தும் அது துளிகூட இல்லாத கதைகள் ஏராளம்.

‘அணங்கு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் தொல்காப்பியம், உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலில், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கையும் அச்சம் பிறக்கும் இடங்களாகச் சொல்கிறது. நான்கிலும் எதைக் கண்டு அஞ்சுகிறோம் என்பதில் ஐயமில்லை. நாம் தேடும் உணர்வோ அந்த ஐயத்திலேயே உயிர்வாழ்வது. அஞ்சத்தக்க பொருளின் பெயரை அதற்கு வைப்பது சரியாகாது.

ஜெர்மன் உளமருத்துவர் எர்ன்ஸ்ட் யென்ச் 1906இல் இந்த உணர்வை விளக்கியபோது ஐயத்தைத்தான் மையத்தில் வைத்தார்: உயிருள்ளதாகத் தோன்றுவது உண்மையில் உயிருள்ளதா, உயிரற்ற பொருளுக்கு ஒருவேளை உயிர் இருக்குமோ என்ற தடுமாற்றம். ஃப்ராய்ட் 1919இல் எழுதிய கட்டுரையில் அது போதாது என்றார். நெடுநாள் பழகியது, மனத்துக்குள் அமுக்கப்பட்டது, திரும்பி வரும்போதுதான் இந்த உணர்வு பிறக்கிறது என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்கொண்ட ‘உன்ஹைம்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லின் வேர் வீட்டைக் குறிப்பது. அதன் எதிர்ச்சொல்லான ‘ஹைம்லிஷ்’ என்பதற்கு வீட்டைச் சார்ந்தது, பிறர் கண்ணுக்கு மறைந்தது என்று இரு பொருள் இருப்பதையும் அவர் காட்டுகிறார்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘அகம்’ என்றால் வீடு, உள்ளம், உட்புறம். மூன்றும் நமக்கு வேண்டும். ‘மருள்’ என்ன என்பதை வள்ளுவர் 351ஆம் குறளில் வரையறுத்தே தந்துவிட்டார்: ‘பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்’. மெய்யியல் பொருளில் அவர் சொன்னது, பொம்மையின் கண் அசைந்ததோ என்று திகைத்து நிற்பவரின் நிலைக்கும் அப்படியே பொருந்துகிறது. எனவே ‘அகமருள்’.

மெய்ப்பாட்டியலில் மருட்கை என்பது வியப்பாயிற்றே, அச்சம் எங்கே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘மருண்ட பார்வை’, ‘மருண்டு ஓடிய மான்’ என்று இன்றும் எழுதுகிறோம். அந்த மருட்சியில் திகைப்பும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அந்தக் கலவைதான் நமக்கு வேண்டியது. ‘பழகுமருள்’ இலக்கணப்படி அழகான வினைத்தொகை. பழகப் பழகத் தணிந்துபோகும் மருள் என்று படிக்கவும் அது இடம்தருகிறது என்பதுதான் என் தயக்கம். திகிலைப் பற்றிய சொல்லில் அந்த இடறல் கூடாது.

கூட்டுச்சொல்லில் நிற்கிறதா என்று பார்த்தேன். மனித உருவை நெருங்கிவரும் இயந்திரம் ஒரு கட்டத்தில் திடீரென நம்மை விலக்கத் தொடங்குவதை ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் வரைபடத்தில் ஒரு பள்ளமாக வரைந்து காட்டினார். அதை ‘அகமருட் பள்ளம்’ எனலாம். ‘அகமருட்கதை’யும் நாவில் இடறவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அதே 1970இல் வெளிவந்த, இலக்கியக் கோட்பாட்டாளர் ட்ஸ்வெதான் தொடோரோவின் அதிபுனைவு இலக்கியம் பற்றிய நூலிலும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில், ‘அன்கேனி’ வருகிறது. பிரெஞ்சு மூலத்தில் அது ‘எத்ரான்ஜ்’. வியப்பூட்டும் நிகழ்வுக்குக் கடைசியில் இயற்கையான விளக்கம் கிடைத்துவிடும் கதைவகை. அங்கே அகமருள் தவறு. இழையில் வந்த ‘விசித்திரம்’ அந்த இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

இச்சொல்லை நம் சொற்பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால் விளக்கத்தை இப்படி எழுதலாம்: ‘அகமருள் – நன்கு பழகிய ஒன்று, தன் தோற்றம் மாறாமலே அயலானதாகத் தோன்றும்போது எழும் திகைப்பு கலந்த அச்சம்.’ ‘திகைப்பு’க்குப் பதில் ‘ஐயம்’ வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. கதை எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.